மிஸ்டர் அண்ணாமலையின் மிஷின்

இஸ்திரிப் பெட்டி கூடாது என்று பொற்கொடி சொன்னதும் மூக்காயி தன் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். கெட்டிலும் கூடாதாம். சுக்குக் காபிக்கென்று புதிதாக வாங்கியது. உதட்டைச் சுழித்துக்கொண்டு அதையும் எடுத்து வைத்தாள். வெந்நீர் போடுகிற ராடு கூடாது என்றபோது மட்டும் அவள் கை நின்றது. செல்போனைப் பீரோவில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் சென்னையிலிருந்து பேசுகிற மகள் பொற்கொடியின் நெற்றியும், அவளுக்குப் பின்னால் சுற்றுகிற மின்விசிறியும்தான் தெரிந்தன. மகளின் கண் திரையில் இல்லை என்பதை ஒரு முறை பார்த்துக்கொண்டு, மூக்காயி அந்த ராடைச் சேலை மடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினாள்.

"எல்லாம் எடுத்துட்டியாம்மா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. இன்னும் என்னென்ன கூடாதுன்னு எழுதியிருக்கான் அந்தக் கப்பல்காரன்? மூச்சு விடலாமா, அதுவும் கூடாதா?"

கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்த உண்ணாமலைக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாக இருந்தது. அவள் மடியில் ஒரு சாம்பல் நிறப் பை இருந்தது. பைக்குள் செங்கல் அளவில் ஒரு மிஷின், வளைந்து நெளிகிற ஒரு குழாய், மூக்கில் மாட்டிக்கொள்கிற கவசம். ராத்திரி தூங்கும்போது மூக்கு வழியாகக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும் மிஷின் அது. இல்லையென்றால் அவளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும்.

"அத்தை, ஒங்க மிஷின் கொண்டாரலாம்" என்றாள் பொற்கொடி. "மெடிக்கல் சாமான்னா விடுறாங்க. முன்னாடியே மெயில் போட்டுச் சொல்லணும். டாக்டர் சீட்டோட நான் போட்டுட்டேன். ஓகேன்னு பதிலும் வந்துருச்சு. ஆனா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் கூடவே கூடாது. அது வேணும்னா அவங்களே ஒண்ணு தருவாங்களாம்."

"கப்பல்ல ஏற்கெனவே ஒரு எஞ்சின் ஓடுமேடி" என்றாள் மூக்காயி. "இவுக ஒண்ணு எதுக்கு?"

"அம்மா!"

"என்னத்த அம்மா? அத்தாச்சி, நீங்க கோவிச்சுக்காதீங்க. ஒரே ரூம்புல படுக்கணும்ல. நான் எம் பயத்தச் சொல்றேன்."

மூக்காயி, உண்ணாமலையின் கணவர் ஆத்மநாதனுக்குத் தங்கை. உண்ணாமலையின் குறட்டையை ஊர் அறியச் செய்தவள் அவள்தான். உண்ணாமலை கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த ராத்திரி, பக்கத்து அறையில் படுத்திருந்த தாவணிப் பெண் மூக்காயி, களத்தில் யாரோ டிராக்டரைக் கிளப்பிவிட்டான் என்று நினைத்து டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாளாம். அந்தக் கதையை அவள் சொல்லாத கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. சொல்லச் சொல்ல டிராக்டர் பெரிதாகிக்கொண்டே வந்தது. இப்போது அது நெல் அறுக்கிற மிஷினில் வந்து நிற்கிறது.

அதற்காக உண்ணாமலை சண்டை போட்டதில்லை. வேறொன்று செய்தாள். வெளியூரில் தூங்குவதை விட்டுவிட்டாள். மண்டபங்களில் பெண்கள் எல்லாரும் ஜமுக்காளத்தில் வரிசையாகச் சாயும்போது, அவள் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காய் நறுக்குகிறவர்களோடு விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். "உண்ணாமலை மாதிரி வருமா, ராத்திரி பூரா கண்ணு முழிச்சு வேல பாத்துச்சு" என்று சொந்தபந்தம் மெச்சும். அந்தப் பாராட்டை அவள் முகம் கொடுக்காமல் வாங்கிக்கொள்வாள். பழனிக்கு நடந்து போகிற கூட்டம் வருஷாவருஷம் கூப்பிட்டது. காலில் வலி என்பாள். கால் நன்றாகத்தான் இருந்தது.

ஆத்மநாதன் அறந்தாங்கியில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். பேச்சு குறைவு. ஊரே கேலி செய்த ஒன்றைப் பற்றி அவர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் அவளே பொறுக்க முடியாமல் கேட்டாள், என்னோடு படுத்து நீங்கள் எப்படித்தான் தூங்குகிறீர்கள் என்று. அவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "நீ கொறட்ட விடுற வரைக்கும் நான் நல்லாத்தான் தூங்குறேன். அது நிக்கிறப்பத்தான் எந்திரிச்சு ஒக்காந்துக்குறேன்" என்றார்.

அவளுக்கு அது புரியவில்லை. குறட்டை நின்றால் நல்லதுதானே என்று நினைத்தாள். நடு ராத்திரிகளில் யாரோ தோளை உலுக்குவதும், "ஏய், இழு" என்று காதருகே ஒரு குரல் கேட்பதும், தான் புரண்டு படுப்பதும் கனவுபோல அவளுக்கு நினைவிருக்கும். காலையில் கேட்டால், "ஒண்ணுமில்ல, காப்பியக் குடு" என்பார்.

ஒரு பகல் வேளையில், கடையில் ஒரு லாரி பேட்டரியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். காரியத்தன்று பந்தியில் இலை போட்டுச் சோறு வைத்த நேரத்தில் மூக்காயியின் மகன் பிரசாந்தின் செல்போன் அடித்தது. மணியோ பாட்டோ வரவில்லை. குறட்டை வந்தது. போன பொங்கலுக்கு அத்தை வீட்டில் வந்து தங்கியபோது ஜன்னல் வழியாகப் பதிவு செய்து, ரிங்டோனாக வைத்திருக்கிறான். மாற்ற மறந்துவிட்டான். பந்தியில் சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க இலையைப் பார்த்துக் குனிந்தார்கள். பிரசாந்த் இடுப்பு வேட்டிக்குள் போனைத் தேடித் தடவிக்கொண்டிருந்தான். அதற்குள் பதிவில் குறட்டை நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு தூக்கக் கலக்கத்தில் ஓர் ஆண் குரல் மெதுவாக, "ஏய், இழு" என்றது.

சிரித்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். உண்ணாமலை சாம்பார் வாளியோடு நின்றிருந்தாள். பிரசாந்த் அழுகிற முகத்தோடு, "இப்பவே அழிச்சுர்றேன் அத்தை" என்றான். "அழிச்சுறாதடா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்குப் போனாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்குப் பயம் வந்தது. இழு என்று சொல்ல இனி ஆள் இல்லை. மகன் அய்யப்பன் திருச்சிக்கு அழைத்துப் போனான். ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். காலையில் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இத்தன நாளா எப்படிம்மா இருந்தீங்க?" என்றார். பதில் அவளுக்குத் தெரியும். அவர் இருந்தவரை அவர்தான் மிஷின்.

மிஷினை மாட்டிக்கொண்டு தூங்கிய முதல் நாள் காலையில், தலையிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. குறட்டையும் இல்லை என்றான் அய்யப்பன். இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? மூக்காயி ஒருமுறை அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, "டிராக்டருக்குப் பொக குழா வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஊரைப் பொறுத்தவரை உண்ணாமலை டிராக்டர்தான்.

அதனால்தான், கப்பலில் மூன்று பேர் படுக்கிற ரூம் போட்டிருக்கிறேன், என் வீட்டுக்காரருக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை, நீங்கள் வருகிறீர்களா அத்தை என்று பொற்கொடி கேட்டபோது, "வாரேன்" என்ற சொல் யோசனைக்கு முன்னால் அவள் வாயிலிருந்து விழுந்துவிட்டது. கப்பலோ கடலோ அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மூக்காயிக்குப் பக்கத்தில் படுத்து, சத்தமில்லாமல் தூங்கி எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அய்யப்பனுக்கு இஷ்டமில்லை. "மிஷினப் புடுங்கி வச்சுக்கிட்டாங்கன்னா என்னம்மா பண்ணுவ? நடுக்கடல்ல தூங்காம ஒக்காந்திருப்பியா?"

"இருந்தா இருக்கேன். மண்டபம் மண்டபமா ஒக்காந்திருந்தவதானே."

அவன் கடைக்குப் போய் ஒரு பாட்டில் பேட்டரித் தண்ணீர் எடுத்து வந்தான். மிஷினில் காற்றை ஈரமாக்க ஒரு சின்னத் தொட்டி உண்டு. காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் அதில் ஊற்ற வேண்டும். மற்றவர்கள் மெடிக்கலில் வாங்குவார்கள். அவர்கள் வீட்டில் அது எப்போதும் இருந்தது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆத்மநாதன் செய்தது. தேக்குப் பலகைப் பெட்டியில் இரண்டு பிளக், ஒரு சுவிட்ச், நீளமான சிவப்பு ஒயர். பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பிளக்கிலிருந்து கட்டில்வரை இழுக்க அவர் என்றோ செய்து வைத்தது, இப்போது மிஷினுக்குப் பயன்பட்டது. கூடாது என்று தெரிந்தே உண்ணாமலை அதை எடுத்து வைத்தாள். மூக்காயி மாதிரி சேலைக்குள் சுருட்டவில்லை. பையின் மேலாகவே வைத்தாள். கேட்டால் கொடுத்துவிடலாம். கேட்காவிட்டால் கூட வரட்டும்.

புதுக்கோட்டையில் ரயில் ஏறினார்கள். பெட்டியில் மிஷின் போட வழியில்லை. விளக்கெல்லாம் அணைந்த பிறகும் உண்ணாமலை ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள். மூக்காயி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "படுங்க அத்தாச்சி" என்றாள். "தூக்கம் வல்ல" என்றாள். தூக்கம் கண்ணைக் குத்திக்கொண்டு வந்தது. முகத்தைக் கழுவிக் கழுவி விரட்டினாள். எழும்பூரில் இறங்கும்போது, அழைத்துப்போக வந்திருந்த பொற்கொடி அவள் கண்களைப் பார்த்து, "அழுதீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் இருக்கிற கூடம், ஏசி போட்ட பெரிய கல்யாண மண்டபம் போல இருந்தது. பெட்டிகள் எல்லாம் ஒரு மிஷினுக்குள் நுழைந்து வெளியே வந்தன. மூக்காயியின் பெட்டி வெளியே வந்ததும் அங்கே நின்ற பையன் அதைத் தனியே நகர்த்தினான். சீருடைக்கு உள்ளே ஒடிசலாக, மீசை அரும்புகிற முகத்தோடு இருந்தான்.

"உள்ள ஹீட்டர் இருக்கும்மா."

"ஹீட்டர் இல்ல தம்பி. சும்மா கம்பி."

"கம்பியோட பிளக் தெரியுதேம்மா ஸ்கிரீன்ல."

பொற்கொடி தலையில் கை வைத்துக்கொண்டாள். சேலைகளுக்கு நடுவிலிருந்து ராடு வெளியே வந்தது. பையன் அதில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு டோக்கனைக் கொடுத்தான். அடுத்தது உண்ணாமலையின் பை. அவன் கேட்பதற்கு முன்பே அவள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதற்கும் ஒரு அட்டை, ஒரு டோக்கன். பேட்டரித் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, இதெல்லாம் கப்பலிலேயே தருவார்கள் என்றான். பிறகு மிஷினைப் பார்த்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான். மறுபடி மிஷினைப் பார்த்தான்.

"இது யாருதும்மா?"

"என்னுது."

"பெர்மிஷன் மிஸ்டர் அண்ணாமலைங்கிற பேர்ல இருக்கே. அவர் எங்க?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொற்கொடி எட்டித் திரையைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கப்பல் ஆபீசில் யாரோ ஒரு புண்ணியவான் உண்ணாமலை என்று ஒரு பேர் இருக்க முடியாது, இது எழுத்துப் பிழை என்று முடிவு செய்து, முதல் எழுத்தைத் திருத்தியிருக்கிறான். எழுத்தைத் திருத்தியவன் அதோடு நிற்காமல் ஆளையும் திருத்திவிட்டான்.

"அண்ணாமலை சாமி தம்பி" என்றாள் உண்ணாமலை. "அந்தச் சாமியோட பொஞ்சாதி உண்ணாமலை. அதுதான் எம் பேரு."

"அப்ப அண்ணாமலை சார் ஒங்க ஹஸ்பெண்டா? வெளிய நிக்கிறாரா?"

"நிக்கிறாரு" என்றாள் மூக்காயி. "திருவண்ணாமலையில மலையா நிக்கிறாரு. போயிப் பாத்துட்டு வா."

பையன் வெட்கத்தோடு சிரித்தான். உண்ணாமலை சிரிக்கவில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வீட்டுக்காரவுக பேரு ஆத்மநாதன்" என்றாள். அந்தப் பேரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் இருந்தபோது கடைக்காரவுக என்றே ஒப்பேற்றிவிட்டாள். "அவுக இப்ப இல்ல."

பையன் சிரிப்பை நிறுத்தினான். உள்ளே போய் ஒரு பெண் அதிகாரியை அழைத்து வந்தான். நெட்டையான பெண், வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. தமிழ் தெரியவில்லை. பொற்கொடியும் அவளும் இங்கிலீஷில் பேசினார்கள். பொற்கொடியின் குரல் ஏறியது, அந்தப் பெண்ணின் குரல் ஏறவே இல்லை. கோபப்பட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. டிக்கெட்டில் பேர் சரியாக இருக்கிறது, மருத்துவச் சாமான் பட்டியலில்தான் வேறு ஆள் இருக்கிறார். நிஜமாகவே ஒரு அண்ணாமலை வந்து என் மிஷின் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது? இது இந்த அம்மாவுடையதுதான் என்று ஆபீஸ் சொல்ல வேண்டும். ஆபீஸில் போனை எடுக்கவில்லை. மிஷினை இங்கே வைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள், தகவல் வந்ததும் அனுப்புகிறோம்.

"கப்பல் கெளம்புன பெறகு தகவல் வந்தா?" என்று உண்ணாமலை பையனிடம் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

மூக்காயி அவள் முழங்கையைத் தொட்டாள். குரலை இறக்கி, "விடுங்க அத்தாச்சி. மிஷின் இல்லாட்டி என்ன? நான் காதுல பஞ்சு வச்சுக்கிறேன். புதுசாவா கேக்கப் போறேன்?" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். கேலியைத் தாங்கிய உண்ணாமலைக்கு அந்த அன்பைத் தாங்க முடியவில்லை. இனி மேலும் தன்னை நாலு பேர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நடுக்கடலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால் அறந்தாங்கிக்கு பஸ் ஏற வேண்டும். அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரமாகக் கைப்பிடி இல்லாத நீண்ட இரும்பு பெஞ்சு ஒன்று. கொஞ்சம் தள்ளித் தூணில், ஆட்கள் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பிளக்.

"தம்பி, அந்த அம்மாகிட்டச் சொல்லு. மிஷின் யாருதுன்னு தெரியணும், அவ்வளவுதானே? நான் தூங்கிக் காட்டுறேன்."

"என்னம்மா?"

"மொதல்ல மிஷின் இல்லாம தூங்குறேன். பெறகு மிஷினோட தூங்குறேன். ஒங்களுக்கே தெரிஞ்சுரும்."

"அத்தை, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் பொற்கொடி.

"பாக்கட்டும்."

செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் ஜோடியாக வைத்தாள். சேலையைக் கணுக்கால்வரை இழுத்து மூடிக்கொண்டாள். கைப்பையைத் தலைக்கு வைத்து, இத்தனை வருஷமும் எந்தக் கண்களுக்குப் பயந்து விழித்திருந்தாளோ அத்தனை கண்களுக்கும் முன்னால், பட்டப்பகலில், மல்லாந்து படுத்தாள். ரயிலில் விரட்டிய தூக்கமெல்லாம் அந்த பெஞ்சுக்கு அடியில்தான் காத்திருந்தது போலும்.

பிறகு நடந்தது மூக்காயி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மூக்காயி அதைச் சும்மா சொல்வாளா? முதலில், யாரோ பெட்டி வண்டியை இழுக்கிறார்கள் என்று நினைத்து ஆட்கள் வழிவிட்டார்களாம். அப்புறம் ஒரு கைக்குழந்தை வீறிட்டதாம். மூலையில் படுத்திருந்த போலீஸ் மோப்ப நாய் எழுந்து நின்று, காதை விடைத்துக்கொண்டு, கூடவே நின்ற போலீஸ்காரரை என்ன செய்வது என்பதுபோல் பார்த்ததாம். வெள்ளைச் சட்டை அதிகாரி கையிலிருந்த வாக்கி டாக்கியை அணைத்துவிட்டாளாம், அதில் பேசுவது எதுவும் கேட்கவில்லை என்று. "நான் நாப்பது வருஷமா கேக்குறேன், நீ கொஞ்ச நேரம் கேளு" என்று மூக்காயி அவளிடம் சொன்னாளாம், தமிழிலேயே.

ஒரு இடத்தில் மட்டும் மூக்காயி கதையைப் பெரிதாக்க மாட்டாள். அங்கே அவள் குரல் சிறுத்துவிடும். குறட்டை பாதியில் நின்றது. கூடமும் நின்றது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சத்தத்தை மட்டுமே கேட்டவள் மூக்காயி. சத்தம் நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. வாய் திறந்திருக்கிறது, நெஞ்சு ஏறி ஏறி முயல்கிறது, காற்று உள்ளே போகவில்லை. உதடு நிறம் மாறுகிறது. பையன் "மேடம், மேடம்" என்று கத்தினான்.

உண்ணாமலைக்கு ஆழத்தில் எங்கோ அந்த உலுக்கல் தெரிந்தது. தோளில் ஒரு கை. காதருகே ஒரு குரல். "இழுங்க! அத்தாச்சி, இழுங்க!" அவள் பெருமூச்சாக இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபோது, எதிரே, இரண்டு கைகளாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மூக்காயியின் முகம் இருந்தது. அந்த முகத்தில் கேலி செய்ய ஒன்றுமே மிச்சமில்லை.

"இப்ப மிஷினக் குடு" என்றாள் உண்ணாமலை.

வெள்ளைச் சட்டைப் பெண் தானே அதை எடுத்து நீட்டினாள். ஆனால் தூணிலிருந்து பெஞ்சுக்கு ஒயர் எட்டவில்லை. உண்ணாமலை மேசையைக் காட்டினாள். பையன் அதிகாரியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பறிமுதல் செய்த சாமான்களுக்கு நடுவிலிருந்து, அட்டை தொங்க, ஆத்மநாதனின் தேக்குப் பெட்டி வந்தது. பையன் சிவப்பு ஒயரைப் பிரித்துக்கொண்டு தூணுக்கு ஓடினான். யாரோ தன் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு இடம் கொடுத்தார். உண்ணாமலை கவசத்தை மூக்கில் பொருத்தி, பட்டையைப் பின்னந்தலையில் இழுத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்தாள்.

சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைச் சட்டைப் பெண் பயந்துபோய்க் குனிந்து பார்த்தாளாம். மறுபக்கத்திலிருந்து மூக்காயியும் குனிந்தாளாம். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன என்பது மூக்காயி சேர்த்த சரக்காக இருக்கலாம். நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது, அது நிஜம்.

இந்த முறை யாரும் அவளை எழுப்பவில்லை. தானாகக் கண் விழித்தபோது மேலே ஒரு சால்வை கிடந்தது, யாருடையது என்று தெரியவில்லை. கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஆனால் பெட்டிகளை உருட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சத்தம் போட்டுப் பேசிய ஒரு கூட்டத்தைப் பார்த்து வெள்ளைச் சட்டைப் பெண் உதட்டில் விரலை வைத்தாள். பெஞ்சின் அந்தக் கோடியில், தங்கக் காப்புப் போட்ட கனத்த மனிதர் ஒருவர் பொற்கொடியிடம், இந்த மிஷின் எங்கே கிடைக்கும் என்று தணிந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி, உண்ணாமலையைப் பார்த்து, கோயிலில் கும்பிடுவதுபோல் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"பேர மாத்தியாச்சும்மா" என்றான் பையன். "மிஸ்டரையும் தூக்கியாச்சு."

அதிகாரி திரையைப் பார்த்து, கல்லில் கால் வைத்து நடப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக, "உண்... ணா... மலை" என்றாள்.

"அதேதான்" என்றாள் உண்ணாமலை.

மிஷினைப் பையில் வைத்து மூடினாள். தூணிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, சிவப்பு ஒயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, தேக்குப் பெட்டியைத் தன் கையாலேயே பையனிடம் கொடுத்தாள். "மேல கனமா எதையும் வச்சுறாத தம்பி. வாரப்ப வாங்கிக்கிறேன்."

"நானே வச்சிருக்கேம்மா."

கப்பலுக்குள் எத்தனை மாடி என்று மூக்காயி எண்ணவில்லை. ரூமைத் திறந்து மூன்று படுக்கைகளையும் பார்த்தபோது, ஜன்னலோரப் படுக்கையில் தன் பையைப் போடப் போனவள், நிறுத்தி, அதை நடுப்படுக்கையில் வைத்துவிட்டு, "நீங்க இங்கிட்டுப் படுங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். கப்பல்காரன் கொண்டுவந்து வைத்திருந்த வெள்ளை எக்ஸ்டென்ஷனை உண்ணாமலை ஒருமுறை சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். அதன் சின்ன விளக்கு எரிந்தது.

கிளம்பப் போகிறது என்று பொற்கொடி இரண்டு பேரையும் மேல் தளத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கம்பியோரம் முழுக்க ஆட்கள். கீழே சென்னை, வெயிலில், கொஞ்சம் கொஞ்சமாக விலக ஆரம்பித்திருந்தது. மூக்காயி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். பிறகு உண்ணாமலையின் பக்கம் திரும்பி, "எங்கண்ணன் தெனமும்..." என்று ஆரம்பித்தாள்.

அப்போது கப்பலின் ஹாரன் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பலகையை அதிர வைத்து, காலில் ஏறி, நெஞ்சுக்குள் புகுந்து, துறைமுகத்துக் கிரேன்களையெல்லாம் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிற, முடியவே முடியாத ஒரு முழக்கம். சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். பெரியவர்கள் கைதட்டினார்கள். கனத்த மனிதரும் அவர் மனைவியும் கையைத் தூக்கி ஓவென்று கத்தினார்கள். மூக்காயியின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் கண்கள் நிறைந்திருந்தன, அது காற்றினாலும் இருக்கலாம்.

ஹாரன் நின்றது. அத்தனை பேரும் ஒரு கணம் அமைதியாக, அடுத்ததற்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உண்ணாமலை மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள்.